நேபாளத்தில் டிப்ஸும் உதவியும்: யாருக்கு, எவ்வளவு, எப்படி?

முக்திநாத் யாத்திரைக்குப் போகிறவர்களும் சரி, எவரெஸ்ட் பேஸ் கேம்ப், அன்னபூர்ணா என்று மலையேறப் போகிறவர்களும் சரி, டிக்கெட், பெர்மிட், குளிர் உடுப்பு பற்றியெல்லாம் மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். ஆனால் கூட வந்த போர்ட்டருக்கு எவ்வளவு கொடுப்பது, வழியில் கை நீட்டும் குழந்தையிடம் என்ன செய்வது என்ற கேள்விகள் கடைசி நாளில்தான் எழுகின்றன. அப்போது பையில் சில்லறையும் இருக்காது, யோசிக்க நேரமும் இருக்காது. ஒன்று, அள்ளிக் கொடுப்போம். இல்லை, தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிடுவோம்.

நேபாளத்தில் பணம் கொடுக்கும் எல்லாச் சந்தர்ப்பங்களையும் இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒன்று, நமக்காக உழைத்தவருக்குக் கொடுப்பது. அதை அவர் கையிலேயே, நேரடியாக, குறைவில்லாமல் கொடுக்க வேண்டும். மற்றொன்று, இரக்கப்பட்டுக் கொடுப்பது. அதை வழியில் நிற்கிறவர் கையில் கொடுக்காமல், நாம் ஊர் திரும்பிய பிறகும் அங்கேயே இருந்து கணக்குச் சொல்லக்கூடிய பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ அமைப்புக்கோ கொடுக்க வேண்டும். பெரும்பாலான பயணிகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 20 கிலோவைச் சுமந்தவரிடம் 100 ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, கோவில் வாசலில் குழந்தைகளுக்கு நோட்டு நோட்டாக நீட்டுகிறார்கள்.

புறப்படும் முன்: சில்லறை

ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய். 1993-லிருந்து இந்த விகிதம் மாறவில்லை. 100 இந்திய ரூபாய் என்றால் 160 நேபாள ரூபாய் என்று மனக்கணக்காகவே போட்டுவிடலாம். இந்தக் கட்டுரையில் இனி வரும் தொகையெல்லாம், தனியாகச் சொல்லாவிட்டால், நேபாள ரூபாய்தான்.

100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளுக்கு நேபாளத்தில் பல ஆண்டுகளாகக் கட்டுப்பாடு இருந்திருக்கிறது. விதி அவ்வப்போது மாறும். புறப்படும் வாரத்தில் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் மலைமேல் இருக்கும் கடைக்காரரும் போர்ட்டரும் 500 ரூபாய் இந்திய நோட்டை வாங்கத் தயங்குவார்கள். டிப்ஸை நேபாள ரூபாயில் கொடுப்பதே மரியாதை. டாலரில் கொடுத்தால் அதை மாற்ற அவர் நகரத்துக்கு வர வேண்டும். ஓரம் கிழிந்த டாலரை மாற்றுக் கடைக்காரர் வாங்க மாட்டார். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் ஊர் உலோகக் காசை நினைவாகக் கொடுப்பதுண்டு. வெளிநாட்டு உலோகக் காசை (நோட்டைப் போல) அங்கே யாரும் மாற்றித் தருவதில்லை என்பதால் அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

ஏடிஎம் எடுத்துத் தருவது பெரும்பாலும் 1,000 ரூபாய் நோட்டுகளும் 500 ரூபாய் நோட்டுகளும்தான். வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 500 ரூபாய் அளவில் கட்டணமும் பிடிப்பார்கள். ஆகவே காத்மாண்டுவிலோ பொக்ராவிலோ ஒரே தடவையில் எடுத்து, அங்கேயே ஒரு வங்கியிலோ பெரிய கடையிலோ மாற்றிக்கொள்ளுங்கள். ஆளுக்கு 50 ரூபாய் நோட்டு இருபது, 100 ரூபாய் நோட்டு இருபது இருந்தால் பத்துப் பன்னிரண்டு நாளுக்குத் தட்டுப்பாடு வராது. எவரெஸ்ட் பாதையில் நாம்சே பஜாரைத் தாண்டினால் ஏடிஎம்மை நம்ப முடியாது. நாம்சேயிலேயே மின்சாரமோ நெட்வொர்க்கோ போனால் இயந்திரம் சும்மா நிற்கும். டிப்ஸுக்கான பணத்தை மலையேறும் முன்பே தனி உறையில் போட்டு, பையின் அடியில் வைத்துவிடுங்கள். சூடான குளியலுக்கும் வைஃபைக்கும் செலவழித்துவிட்டுக் கடைசி இரவில் கையை விரிப்பதுதான் அந்தப் பாதையில் அடிக்கடி நடக்கும் தவறு.

2024 மார்ச்சிலிருந்து நேபாளத்தின் ஃபோன்பே கியூஆர் பலகைகளில் நம் ஊர் யுபிஐ வேலை செய்கிறது (இது நேபாள நிறுவனம், இந்திய ஃபோன்பே வேறு). ஆனால் அது கடைகளுக்கான வசதி. தனி ஆளின் எண்ணுக்கு யுபிஐ-யில் டிப்ஸ் அனுப்பலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

ஓட்டல், டாக்சி, விமான நிலையம்

பில்லை முதலில் படியுங்கள். சுற்றுலாப் பகுதி உணவகங்கள் சிலவற்றில் 10 சதவீதம் சேவைக் கட்டணமும், அதன்மேல் 13 சதவீதம் வாட் வரியும் சேர்ப்பதுண்டு. இரண்டும் சேர்ந்தால், மெனுவில் 1,000 ரூபாய் என்பது பில்லில் 1,243 ஆகும். சேவைக் கட்டணம் போட்டிருந்தால் அதற்குமேல் டிப்ஸ் வேண்டியதில்லை. வரியை டிப்ஸ் என்று நினைத்துவிடவும் வேண்டாம். சேவைக் கட்டணம் இல்லாத இடத்தில் 5 முதல் 10 சதவீதம் போதும். தெருமுனை மோமோ கடையிலும் டீக்கடையிலும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. மீதி ஐந்து பத்தை விட்டுவிட்டு வந்தால் நிறைவு.

டாக்சிக்காரருக்கு டிப்ஸ் வழக்கம் இல்லை. ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசி, அதைக் கொடுத்தால் சரி. ஓட்டல் அறைக்குப் பெட்டி தூக்கி வருகிறவருக்கு 100 ரூபாய், அறை துடைப்பவருக்கு நாளுக்கு 100 ரூபாய். காத்மாண்டு விமான நிலைய வாசலில் கேட்காமலே தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளிவிட்டு டாலர் கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்றால் பெட்டியின்மேல் கை வைத்தபடி, சிரித்த முகத்தோடு “பர்தைன” (வேண்டாம்) என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தூக்க விட்டுவிட்டுப் பிறகு சண்டை போடுவது அழகல்ல. தூக்கிவிட்டார் என்றால் 100 ரூபாய் கொடுங்கள், டாலர் வேண்டாம்.

நகரத்தில் அரை நாள் கூட வந்து காட்டும் கைடுக்குக் குழுவாக 500 முதல் 1,000. வண்டி ஓட்டுநருக்கு நாளுக்கு 300 முதல் 500. பொக்ராவிலிருந்து ஜொம்சோம் வழியாக முக்திநாத் வரை ஜீப் ஓட்டுகிறவர் என்றால் இன்னும் சேர்த்துக் கொடுங்கள். மண்சரிவும் ஆற்றுப் பள்ளமுமாக இருக்கும் அந்தச் சாலையில் மணிக்கணக்கில் உங்கள் உயிர் அவர் கையில்தான்.

மலையேற்றம்: இங்கேதான் கவனம் வேண்டும்

நல்ல டிப்ஸ் என்பது ஏஜென்சியைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. மலிவான பேக்கேஜில் மிச்சமாகும் பணம் பெரும்பாலும் போர்ட்டரின் கூலியிலிருந்துதான் வருகிறது. முன்பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்: போர்ட்டருக்கு நாள் கூலி எவ்வளவு? சாப்பாடும் படுக்கையும் அதற்குள்ளா, தனியா? காப்பீடு இருக்கிறதா, அதன் தாளைக் காட்ட முடியுமா? ஒருவர் எத்தனை கிலோ சுமப்பார்? குளிருக்கான ஜாக்கெட், ஷூ, கையுறை, கறுப்புக் கண்ணாடி யார் பொறுப்பு? தெளிவாகப் பதில் சொல்லும் ஏஜென்சி இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கேட்டாலும் அதையே பிடியுங்கள். “அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

இதை வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. போர்ட்டர்களில் பலர் உயர்மலைக்காரர்கள் அல்லர். நடுமலைக் கிராமங்களிலிருந்து சீசனுக்குக் கூலி வேலைக்கு வருகிற ராய், தாமாங், மகர் இன இளைஞர்கள். 4,000 மீட்டருக்குமேல் நமக்கு வரும் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் அவர்களுக்கும் அப்படியே வரும். 2014 அக்டோபரில் அன்னபூர்ணா பாதையிலுள்ள தொரோங் லா கணவாயைச் சுற்றி வீசிய பனிப்புயலில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் நேபாளக் கைடுகளும் இருந்தார்கள். போதிய உடுப்பில்லாத போர்ட்டரைக் கணவாய்க்குமேல் கூட்டிப்போய்விட்டு, இறங்கியதும் 1,000 ரூபாய் அதிகம் கொடுத்தால் கணக்கு நேராகாது.

எடை பற்றி: போர்ட்டர் பாதுகாப்புக்காகப் பாடுபடும் ஐபிபிஜி அமைப்பு நேபாளத்துக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 30 கிலோ. நல்ல ஏஜென்சிகள் இரண்டு பயணிக்கு ஒரு போர்ட்டர், தலைக்கு 10 முதல் 12 கிலோ என்று வைத்துக்கொள்கிறார்கள். அதன்மேல் போர்ட்டரின் சொந்தச் சிறு பையும் உண்டு. அவர் சுமப்பதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இரண்டு பைகளைக் கயிற்றால் ஒன்றாகக் கட்டி, அல்லது டோக்கோ என்னும் மூங்கில் கூடைக்குள் வைத்து, நாம்லோ என்ற அகலப் பட்டையை நெற்றியில் மாட்டியிருப்பார். முழுப் பாரமும் நெற்றி வழியாகக் கழுத்துக்கும் முதுகெலும்புக்கும் இறங்குகிறது. களைத்தால் கூடையை இறக்கி வைக்க மாட்டார். திரும்பத் தூக்குவது அதைவிடச் சிரமம். கையிலிருக்கும் டி வடிவக் கட்டையை, டோக்மாவை, கூடைக்கு அடியில் முட்டுக் கொடுத்து நின்றபடியே மூச்சு வாங்குவார். ஆகவே சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டாம். அது முதுகில் குத்தும், கயிற்றுக்கும் நிற்காது. மென்மையான டஃபிள் பை எடுத்துப் போங்கள். ஓட்டலிலேயே தராசில் எடை பாருங்கள். ஊறுகாய், பொடி, முறுக்கு என்று கட்டிய மூட்டையும் அந்த எடைக்குள்தான்.

எவ்வளவு கொடுப்பது? நடைமுறையில் கைடுக்கு மொத்தக் குழுவும் சேர்ந்து நாளுக்கு 1,000 முதல் 1,500 ரூபாய், உதவிக் கைடுக்கு 800 முதல் 1,000, ஒவ்வொரு போர்ட்டருக்கும் 500 முதல் 800. இது கூலிக்கு மேல். கூலியை ஏஜென்சிக்கு நீங்கள் முன்பே கட்டியிருப்பீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு நண்பர்கள், 12 நாள், ஒரு கைடு, இரண்டு போர்ட்டர். கைடுக்கு நாளுக்கு 1,200 வீதம் 14,400. போர்ட்டர் ஒருவருக்கு நாளுக்கு 700 வீதம் 8,400, இருவருக்கு 16,800. மொத்தம் 31,200. தலைக்கு 7,800, அதாவது 4,875 இந்திய ரூபாய். ஆயிரம் ரூபாய் நோட்டு முப்பதும் நூறு ரூபாய் நோட்டு பன்னிரண்டும் இருந்தால் மூன்று உறைகளும் கச்சிதமாக நிரம்பும். பயணச் செலவுக் கணக்கில் முதல் நாளே இதைச் சேர்த்துவிடுங்கள். கட்டுப்படாது என்று தோன்றினால் நாளைக் குறைக்கலாம், ஓட்டலைக் குறைக்கலாம். போர்ட்டர் உறையில் கை வைக்கக் கூடாது.

கொடுக்கும் முறை இது:

1. முதல் நாளே போர்ட்டர்களின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். “திம்ரோ நாம்” என்பது சின்னவரிடம் கேட்பது, பெரியவரிடம் “தபாய்ங்கோ நாம் கே ஹோ?” என்று கேளுங்கள். வயதில் மூத்தவரை “தாய்” (அண்ணன்), இளையவரைப் “பாய்” (தம்பி), லாட்ஜ் நடத்தும் பெண்களைத் “திதி” (அக்கா) என்று கூப்பிடலாம்.

2. கடைசி இரவில் கொடுங்கள், கடைசிக் காலையில் அல்ல. எவரெஸ்ட் பாதையில் அது, திரும்பும் விமானம் ஏறும் லுக்லாவில் தங்கும் இரவு. போர்ட்டர்கள் அங்கிருந்தே வீட்டுக்கோ அடுத்த வேலைக்கோ போய்விடுவார்கள், காத்மாண்டுவுக்கு வர மாட்டார்கள். விடிந்தால் விமான அவசரத்தில் யார் எங்கே என்றே தெரியாது. போர்ட்டர் யாராவது இடையிலேயே திரும்புகிறார் என்றால் அன்றைக்கே, அவர் உழைத்த நாளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள்.

3. ஒவ்வொருவருக்கும் தனி உறை, மேலே பெயர். மொத்தத்தையும் கைடிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லாதீர்கள். நல்ல கைடாக இருந்தாலும் அவர்மேல் சந்தேகம் விழ நாமே இடம் கொடுத்ததாகிவிடும். நேர்மை குறைந்தவராக இருந்தால் போர்ட்டருக்குப் பாதிதான் போய்ச் சேரும்.

4. இரவுச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் கூப்பிட்டு, குழுவில் ஒருவர் நின்று நன்றி சொல்லி, போர்ட்டர்களிலிருந்து தொடங்கிக் கொடுங்கள். வலது கையால் கொடுத்து, இடது கை விரல்களால் வலது முழங்கையைத் தொட்டுக்கொள்வது அங்கே மரியாதை. இரு கையாலும் கொடுக்கலாம். இடது கையால் மட்டும் நீட்டாதீர்கள். உறையை அவர்கள் அங்கேயே பிரித்துப் பார்க்க மாட்டார்கள். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

5. ஜாக்கெட், கையுறை, தலைவிளக்கு போன்றவற்றைக் கொடுக்க விரும்பினால் உறைக்கு மேலாகக் கொடுங்கள், உறைக்குப் பதிலாக அல்ல. கிழிந்த ஷூவைத் தானம் என்று தள்ளிவிடாதீர்கள். நீங்கள் மறுபடி போட்டுக்கொள்ளக்கூடிய நிலையில் இருந்தால் மட்டுமே கொடுங்கள்.

மேகம் மூடி எவரெஸ்ட் தெரியவில்லை, விமானம் இரண்டு நாள் தாமதம் என்பதற்கெல்லாம் டிப்ஸைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். வானிலை போர்ட்டரின் கையில் இல்லை. குறைக்க நியாயமான காரணம் ஒன்று உண்டென்றால் அது கைடின் நடத்தை: குடித்துவிட்டு வந்தார், உடல்நிலை சரியில்லை என்றபோதும் மேலே ஏறச் சொன்னார், போர்ட்டரை மோசமாக நடத்தினார் என்பவை. அப்படி நடந்தால் அவருடைய உறையைக் குறையுங்கள், போர்ட்டருடையதைத் தொடாதீர்கள். காத்மாண்டு திரும்பியதும் ஏஜென்சியிடம் காரணத்தைச் சொல்லுங்கள். பேசாமல் குறைத்தால் அடுத்து வருகிறவருக்கும் அதே கைடுதான் கிடைப்பார்.

வழியிலிருக்கும் லாட்ஜுகளில் டிப்ஸ் கட்டாயமில்லை. அறை வாடகையை மிகக் குறைவாக வைத்துவிட்டுச் சாப்பாட்டில்தான் அவர்கள் பிழைக்கிறார்கள். தங்கிய இடத்திலேயே இரவும் காலையும் சாப்பிடுவதுதான் திதிக்கு நீங்கள் செய்யும் மரியாதை. மேலே போகப் போக தால் பாத் (பருப்புச் சோறு) விலை கூடும். அரிசியும் கேஸ் சிலிண்டரும் பெரும்பாலும் விலங்குகளின் முதுகிலோ மனித முதுகிலோதான் அங்கே வந்து சேர்கின்றன. அந்த விலையில் பேரம் பேசாதீர்கள்.

முக்திநாத் யாத்திரிகர்களுக்கு

திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் திவ்யதேசம் இது. சுமார் 3,700 மீட்டர் உயரம். ராணிபௌவாவில் வண்டி நின்றதும் கோவில் வரை ஏற்றமும் படியும். முடியாதவர்களுக்குக் குதிரை உண்டு, சுமந்து போகும் ஆட்களும் உண்டு. ஏறும் முன்பே மூன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: கட்டணம் போகவர இரண்டுக்குமா, மேலே எவ்வளவு நேரம் காத்திருப்பார், சொல்வது இந்திய ரூபாயா நேபாள ரூபாயா. கீழே இறங்கியதும் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாவதில்தான். மனிதர் முதுகில் ஏறிப் போனால் பேசிய தொகைக்குமேல் 200, 300 கொடுங்கள்.

குழுவாகப் போகும் யாத்திரையில் “டிப்ஸுக்குத் தலைக்கு இவ்வளவு” என்று அமைப்பாளர் வசூலிப்பார். அதில் தவறில்லை. ஆனால் ஓட்டுநர், க்ளீனர், சமையல்காரர், சமையல் உதவியாளர் என்று யார் யாருக்கு எவ்வளவு என்பதைக் கேட்டு, முடிந்தால் குழுவின் முன்னிலையில் அவரவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அதிகாலையில் எழுந்து நமக்கு வெந்நீரும் பொங்கலும் வைத்த உதவியாளர்தான் இந்தப் பங்கீட்டில் விடுபட்டுப் போகிறவர்.

கோவிலில் காணிக்கையை உண்டியலில் போடுங்கள். பூஜைக்கு, அன்னதானத்துக்கு என்று பெரிய தொகை கொடுப்பதானால் அலுவலகத்தில் ரசீது வாங்குங்கள். வளாகத்திலேயே இருக்கும் ஜ்வாலா மாயி சந்நிதியைப் பௌத்தத் துறவிப் பெண்கள் பராமரிக்கிறார்கள். அங்கேயும் உண்டியல் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். பசுபதிநாத்தில் விபூதி பூசி உட்கார்ந்திருக்கும் சாதுக்களைப் படம் எடுத்தால் பணம் கேட்பார்கள். எடுக்க விருப்பமிருந்தால் முதலிலேயே 100 ரூபாய் என்று பேசிக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் எரியும் சிதைகளையும் அழும் குடும்பத்தையும் பணம் கொடுத்தும் படம் எடுக்கக் கூடாது.

குழந்தைகள் கை நீட்டும்போது

மலைப் பாதைகளில் “ஸ்வீட்”, “பென்”, “பைசா” என்று கேட்டுக்கொண்டு குழந்தைகள் ஓடி வருவார்கள். இந்தப் பழக்கம் பயணிகள் ஏற்படுத்தியது. வண்டிகள் நிற்கும் இடத்திலும் பாதை ஓரத்திலும் கேட்கிற குழந்தை, நாலு வீடு உள்ளே தள்ளிப் போனால் கேட்பதில்லை. மிட்டாய் கொடுத்தால் பல் போகும், பல் மருத்துவர் ஒன்றிரண்டு நாள் பயணத்தில் இருப்பார். பேனா கொடுத்தால் அது கடைக்குப் போகும். காசு கொடுத்தால் பள்ளிக்கூடத்தைவிடப் பாதை ஓரம் லாபம் என்று குழந்தைக்கும் பெற்றோருக்கும் நாமே கற்றுக்கொடுத்ததாகும். குழந்தை கேட்பது பெரும்பாலும் கவனத்தைத்தான். நின்று, “நமஸ்தே” சொல்லி, “திம்ரோ நாம் கே ஹோ?” என்று கேளுங்கள். எடுத்த படத்தைக் காட்டுங்கள். படத்தை அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்ப வேண்டும். முடியாது என்றால் சொல்லாதீர்கள்.

காத்மாண்டுவின் தமேல் பகுதியில் நிலைமை வேறு. கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, “பணம் வேண்டாம், குழந்தைக்குப் பால் பவுடர் மட்டும் வாங்கிக் கொடுங்கள்” என்பார். கேட்டதும் மனம் இளகிவிடும். அவரே ஒரு கடைக்குக் கூட்டிப் போவார். அங்கே பெரிய டப்பா ஒன்று, வழக்கமான விலையைவிட அதிகத்துக்கு. நீங்கள் நகர்ந்ததும் பிரிக்காத டப்பா கடைக்குத் திரும்பும், பணம் இருவருக்கும் பங்காகும். உண்மையிலேயே பசி என்று தோன்றினால், உங்களுக்குத் தெரிந்த ஒரு கடையில் அங்கேயே சாப்பிடும் பொருளை வாங்கிக் கொடுங்கள். ரொட்டி, வாழைப்பழம், சூடான பால் போதும்.

அதே தெருக்களில் பிளாஸ்டிக் பையை மூக்கில் வைத்து உறிஞ்சியபடி வரும் சிறுவர்களைப் பார்ப்பீர்கள். பையில் இருப்பது செருப்புக்கு ஒட்டும் பசை. பசியையும் குளிரையும் மரத்துப்போகச் செய்ய அதை முகர்கிறார்கள். இவர்கள் கையில் கொடுக்கும் காசு பெரும்பாலும் அந்தப் பசைக்கே போகும். குழந்தை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் 1098 என்ற எண்ணில் நேபாளக் குழந்தைகள் உதவி மையத்தைக் கூப்பிடலாம். இந்தியாவில் இருக்கும் அதே எண்தான். 1987-லிருந்து நேபாளத்தில் குழந்தைத் தொழிலாளர்களுக்காகவும் தெருக் குழந்தைகளுக்காகவும் வேலை செய்யும் சிவின் அமைப்புக்குக் கொடுக்கும் 500 ரூபாய், தெருவில் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுக்கும் 500 ரூபாயைவிட அந்தச் சிறுவனுக்கு நெருக்கமாகப் போய்ச் சேரும்.

அநாதை இல்லங்கள்: போகாதீர்கள்

இதில் சமரசத்துக்கு இடமில்லை. பிறந்தநாள், திவசம், கல்யாண நாள் என்றால் இல்லத்துக் குழந்தைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடுவது நம் ஊரில் புண்ணியம். அதே எண்ணத்தோடு காத்மாண்டுவிலும் பொக்ராவிலும் “பால் கிருகம்” (குழந்தைகள் இல்லம்) தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற தொலைதூர மாவட்டங்களில் தரகர்கள் வந்து, “பட்டணத்தில் நல்ல பள்ளியில் சேர்க்கிறோம்” என்று பெற்றோரிடம் பணமும் வாங்கிக்கொண்டு குழந்தைகளைக் கூட்டி வந்தார்கள். அப்பா அம்மா இல்லை என்று காகிதம் தயாரானது. சுற்றுலாப் பயணி வரும் ஊர்களில்தான் இல்லங்கள் பெருகின: காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், பொக்ரா, சித்வன். 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பிறகும் இதே ஆபத்து எழுந்ததால், குழந்தைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கூட்டிப்போக அரசு கட்டுப்பாடு விதித்தது.

குழந்தைகள் மெலிந்தும் அழுக்காகவும் இருந்தால்தான் நன்கொடை வரும் என்றால், அவர்களை அப்படியே வைத்திருப்பதில் நடத்துகிறவருக்கு லாபம். நீங்கள் போடும் ஒரு வேளைச் சாப்பாடு அந்த வியாபாரத்துக்கு முதலீடாகிவிடுகிறது. ஒரு வாரம் தங்கிப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம் என்ற அழைப்பும் அப்படித்தான். வாரம் ஒரு புது அக்கா, ஒரு புது அண்ணன் வந்து பாசம் காட்டிவிட்டுப் போவது அந்தப் பிள்ளைகளைத்தான் நோகடிக்கிறது. யார் வேண்டுமானாலும் நேரே உள்ளே வந்து குழந்தைகளோடு படம் எடுக்கலாம் என்று அனுமதிக்கும் இல்லம் எதுவானாலும் அதை நம்பாதீர்கள். குழந்தைகளைப் பெற்றோரிடமே திருப்பிச் சேர்க்கும் வேலையைச் செய்யும் நெக்ஸ்ட் ஜெனரேஷன் நேபாள் போன்ற அமைப்புக்குக் கொடுங்கள்.

பிறகு எங்கே கொடுப்பது?

பள்ளிக்குக் கொடுக்க ஆசை என்றால் வகுப்பறைக்குள் போகாமல் தலைமையாசிரியரைப் பார்த்து என்ன தேவை என்று கேளுங்கள். அரசு சமுதாயப் பள்ளிகளில் பாடப்புத்தகம் இலவசம். தேவைப்படுவது நோட்டு, குளிர்காலக் காலுறை, கழிப்பறைப் பழுது என்று வேறாக இருக்கும். சென்னையிலிருந்து பெட்டி நிறையப் பொருள் தூக்கிப் போகாமல் பொக்ராவிலோ ஜொம்சோமிலோ வாங்குங்கள். அந்த ஊர்க் கடைக்காரரும் பிழைப்பார். பருத்திச் சட்டை, பழைய புடவை மூட்டையெல்லாம் அந்தக் குளிருக்கு உதவாது. பணமாகக் கொடுத்தால் பள்ளிப் பெயரில் ரசீது வாங்குங்கள்.

எவரெஸ்ட் பாதையில் 1966-ல் எட்மண்ட் ஹிலாரி கட்டிய குண்டே மருத்துவமனை இன்றும் நன்கொடையால் நடக்கிறது. 1973-ல் தொடங்கிய இமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் சீசன் காலத்தில் எவரெஸ்ட் பாதையின் பெரிச்சேயிலும் அன்னபூர்ணா பாதையின் மனாங்கிலும் மருத்துவ முகாம் நடத்துகிறது. உயரக் கோளாறு பற்றிய அவர்களுடைய பிற்பகல் வகுப்பை எப்படியும் கேட்பீர்கள். முடிந்ததும் உண்டியலில் போடுங்கள். மிச்சமான மருந்துகளைக் கிராமத்தாரிடம் பிரித்துக் கொடுக்காமல், காலாவதித் தேதியும் அட்டையும் சரியாக இருந்தால் இத்தகைய இடத்தில் ஒப்படையுங்கள். நல்ல நிலையிலுள்ள ஜாக்கெட், ஷூ என்றால் காத்மாண்டுவில் கீப் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் போர்ட்டர் துணி வங்கி இருக்கிறது. போர்ட்டர்கள் சிறு முன்பணம் கட்டி எடுத்துப் போய், மலையிறங்கியதும் திருப்பித் தருகிறார்கள். ஒரே ஜாக்கெட் ஒரு சீசனில் பல பேருக்கு உதவும்.

கையில் கொடுக்கக் கூடாது என்று இவ்வளவு சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. நம் தீபாவளியை ஒட்டி வரும் திஹார் பண்டிகையில், மாலை நேரம் சிறுவர்களும் பெண்களும் லாட்ஜ் வாசலுக்கு வந்து “தேவுசி”, “பைலோ” பாடி ஆடுவார்கள். அது பிச்சை அல்ல, ஊர் வழக்கம். வீட்டுக்காரர் தட்டில் அரிசி, விளக்கு, பூ, செல் ரொட்டி வைத்துப் பணமும் வைப்பார். நீங்களும் 100, 200 அந்தத் தட்டில் வையுங்கள். கூப்பிட்டால் கூடச் சேர்ந்து ஆடுங்கள். அதற்குச் சற்று முன் வரும் தசாயின் பண்டிகை நாட்களில் போர்ட்டர் உங்களோடு மலையில் இருந்தால், அவர் குடும்பத்தை விட்டு வந்திருக்கிறார் என்று பொருள். அந்த ஆண்டு உறையில் ஒன்றிரண்டு நாள் தொகையைக் கூடுதலாக வைப்பது வழக்கம்.

கடைசியாக, விடைபெறும் நேரத்தில் கைடோ போர்ட்டரோ தயங்கித் தயங்கி, மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவ முடியுமா என்று கேட்கலாம். பன்னிரண்டு நாள் கூட நடந்த பாசத்தில் அங்கேயே ஆமாம் சொல்லிவிடாதீர்கள். “ஊர் போய் யோசித்துச் சொல்கிறேன்” என்று சொல்லி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் பத்து நாள் கழித்தும் அந்த எண்ணம் இருந்தால், பள்ளியின் பெயரைக் கேட்டு, நேரடியாகப் பள்ளிக்கே தொடர்புகொண்டு, ஆண்டுக் கட்டணத்தைப் பள்ளிக் கணக்கில் கட்டுங்கள். எத்தனை ஆண்டு கட்ட முடியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் பணத்தை நம்பித் தனியார் பள்ளியில் சேர்த்த பிள்ளையை மூன்றாம் வகுப்பில் நிறுத்த வேண்டி வந்தால், குடும்பத்துக்கு அது பெரிய அடி. கொடுக்கப் போவதில்லை என்றாலும் அந்தப் பத்தாவது நாளில் ஒரு செய்தி அனுப்பி, முடியாது என்று சொல்லிவிடுங்கள்; அவர் வேறு வழி பார்த்துக்கொள்வார்.